சூப்பில் விழுந்த மனைவி

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மனைவி செத்துவிடுகிறாள். விருந்துக்கு நடுவே, சூப்புக் கிண்ணத்தில் முகம் கவிழ்ந்து.

அன்று காலை பிள்ளைகள் பனிச்சறுக்குக்குப் போயிருந்தபோது ஐவின்ட் தனியாகப் போட்டுப் பார்த்ததில் இது தெரியவந்தது. டிவிடி உறையைத் திருப்பினான். பன்னிரண்டு வயதுக்கு மேல், குடும்பத்தோடு சிரிக்கலாம் என்றிருந்தது. எந்தக் குடும்பத்தோடு என்று போடவில்லை.

அவன் மனைவி தூருன் போன இலையுதிர் காலத்தில் இறந்தாள். சூப்பில் அல்ல. மருத்துவமனையில், ஒழுங்காக. மகள் வில்டேவுக்குப் பதினைந்து வயது, மகன் ஆஸ்லாக்குக்குப் பதின்மூன்று. அம்மா இல்லாத முதல் ஈஸ்டரை இருவரும் அழாமல் தாண்டிவிட வேண்டும். ஐவின்டுக்கு வேறு இலட்சியம் எதுவும் இல்லை.

நார்வேயில் ஈஸ்டர் என்றால் மலைக்குடில், ஆரஞ்சு, கொலை. ஏசு உயிர்த்தெழும் வாரத்தில் நாடே உட்கார்ந்து யார் யாரைக் கொன்றார்கள் என்று பார்க்கும். பால் அட்டைப்பெட்டியின் முதுகில்கூடக் கொலைப்புதிர்தான். வீட்டுக்கான கொலையை எப்போதும் தூருன்தான் தேர்ந்தெடுப்பாள். இந்த முறை பிள்ளைகளே பக்கத்துக் குடில் ஹல்வாரிடம் படம் இரவல் வாங்கப் போனார்கள். முந்தின நாள் மதியம் போனவர்கள், இருட்டிய பிறகு இந்த ஒரே டிவிடியோடு திரும்பினார்கள்.

மாலை சாப்பாடு முடிந்ததும் ஐவின்ட் மெதுவாக ஆரம்பித்தான். "சீட்டு ஆடலாமா?"

"ஈஸ்டருக்குக் கொலை இல்லாமயா?" என்றாள் வில்டே. "அம்மாவே எந்திரிச்சு வந்துடுவாங்க."

ஆஸ்லாக் ஆரஞ்சைத் தோலோடு கடித்தான்.

படம் ஓடியது. சமையல்காரன் சூப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஆஸ்லாக், விறகு தீரப்போகுது. போய் எடுத்துட்டு வா."

"சரிப்பா." உடனே எழுந்தான். விறகு என்றதும் அவன் எழுந்ததாக அந்தக் குடும்ப வரலாற்றில் பதிவு இல்லை.

"வில்டே, அவனுக்கு டார்ச் பிடி."

"வெளிய இன்னும் வெளிச்சமாத்தான இருக்கு? நீங்களும் வாங்கப்பா. கட்டை பெருசு, இவன் ஒரு நோஞ்சான்."

"அப்ப படத்த நிறுத்திட்டு..."

"ஓடட்டும்பா. ஆரம்பந்தான? அப்புறம் புரிஞ்சுக்கலாம்."

மூன்று பேரும் பனியில் நின்று ஒரு கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, ஆளில்லாத அறையில், யாரோ சூப்பில் விழும் சத்தம் கேட்டது. மூவரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு மேசைவிரிப்பு எதையோ மூடியிருந்தது.

"அந்தம்மாவுக்கு மயக்கம்" என்றான் ஐவின்ட், யாரும் கேட்காமலே.

"ஓ" என்றாள் வில்டே.

இன்ஸ்பெக்டர் பிரேதப் பரிசோதனை அறிக்கையை உரக்க வாசித்தார்.

"மயக்கத்துக்கு ரொம்பத்தான் அறுத்துப் பாக்குறாங்க" என்றான் ஆஸ்லாக். வில்டே அவன் காலை மிதித்தாள்.

அடுத்தது சவ ஊர்வலம். சவப்பெட்டி கைநழுவி மலைச்சரிவில் சறுக்கிப் போகும். கணவன் பின்னாலேயே ஓடுவான். காலையில் ஐவின்ட் அந்த இடத்தில் சிரித்துவிட்டான். பிறகு வெகுநேரம் சமையலறையில் நின்றான்.

"காபி பொங்குது, யாராவது போய்ப் பாருங்க" என்றான்.

"அப்பா, வெளிய கழிப்பறைப் பக்கம் யாரோ நிக்கிற மாதிரி இருக்கு, போய்ப் பாருங்க" என்றாள் வில்டே, அதே நொடியில்.

திரை அணைந்தது.

"பிளக்குல கால் பட்டுடுச்சு" என்றான் ஆஸ்லாக். பிளக் அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது கதவு தட்டப்பட்டது. ஹல்வார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். கேட்காமலே உள்ளே வருவதும் வாயைத் திறப்பதும் தொழிலில் வந்த பழக்கம். கையில் ஒரு தட்டு வாஃபிள் இருந்தது.

"என்ன, டிவி இருட்டா கெடக்கு? பெட்டி சறுக்குற இடம் வந்துடுச்சா?"

ஐவின்ட் அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். "மெதுவாப் பேசுங்க. அம்மா செத்து ஆறு மாசம் ஆகல, பிள்ளைங்ககிட்டப் போய் இந்தப் படத்தக் குடுத்து விட்டிருக்கீங்களே."

"நான் எங்கப்பா குடுத்தேன்? நேத்து மத்தியானம் பூரா என் சோபால உக்காந்து, இருக்கிற எல்லாத்தையும் ஓட்டி ஓட்டிப் பாத்துச்சுங்க. எதப் போட்டாலும் பொண்டாட்டிதான் சாகுறா, நான் என்ன பண்றது? இதுலதான் சீக்கிரம் செத்துடுறா, மிச்சத்தச் சமாளிச்சுக்கலாம்னு ரெண்டும் பேசி முடிவு பண்ணிச்சுங்க."

"எதச் சமாளிக்க?"

ஹல்வார் ஒரு வாஃபிளை எடுத்துக் கடித்தார்.

"உறைல பன்னெண்டு வயசுன்னு போட்டிருக்கு, ஆனா நாப்பது வயசு அப்பாவுக்குத் தாங்குமான்னு உன் பொண்ணு எங்கிட்டக் கேட்டா."