ஏழாம் நட்சத்திரத்துக் கோடு

உருத்திரமூர்த்திக்குக் காலைத் தேநீர் இறங்கவில்லை. காரணம், பாலமுருகன் அனுப்பிய படம்.

ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழர் நாணயச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு பழைய அமெரிக்க அரை டாலரின் ஒரு மூலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஏழாம் நட்சத்திரத்திலிருந்து பெண்தலையின் தொப்பி வரை மயிர் மாதிரி ஒரு கோடு.

"1813, அச்சு வெடிச்ச வகை! லேசில கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டிக்கு இதுதான்!" என்று எழுதி, மூன்று பட்டாசு வேறு கொளுத்தியிருந்தான். கீழே குவிந்த வாழ்த்துகளைப் படிக்க மனமில்லாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தக் காலத்தில் நாணய அச்சைக் கையால்தான் செய்து முடிப்பார்கள். அதனால் ஒரே வருடத்துக் காசிலும் நட்சத்திரம் கொஞ்சம் தள்ளி நிற்கும். அச்சு வெடித்திருந்தால் காசில் கோடு புடைத்து நிற்கும். எந்தக் காசு எந்த அச்சில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் சங்கத்தின் பதினொரு பேருக்கும் பிழைப்பு மாதிரி.

உருத்திரமூர்த்தி ஒன்பது வருட உறுப்பினர். கண்காட்சியின் நடுவில் வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் அவருடைய பெயரட்டை ஒருநாளும் ஏறியதில்லை. பாலமுருகன் சேர்ந்ததே போன வருடம். போன கூட்டத்துக்குக் கைப்பேசியில் மாட்டும் புது லென்ஸோடு வந்து, எல்லாருடைய காசையும் படமெடுத்துத் திரிந்தான். அந்த லென்ஸைப் பார்த்தபோதே இவருக்கு வயிறு எரிந்தது.

"என்னட்டையும் 1813 இருக்கு. பாப்பம்," என்று பூதக்கண்ணாடியை எடுத்தார். இருநூறு வருடக் கறுப்பில் ஒன்றும் பிடிபடவில்லை.

சாமியறையில் மனைவி மங்கையற்கரசி வெள்ளிக் குங்குமச் சிமிழைத் திருநீறு போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை கொஞ்சத் திருநீறு தாரும்."

"பழங்காசைத் தேய்க்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

"ஒரு மூலை மட்டும்."

ஒரு மூலை முழுக் காசாயிற்று. கறுப்பு மயிரளவும் மிஞ்சாதபடி அழுத்தித் தேய்த்ததில் காசு புதுத் தகரம் போலப் பளபளத்தது. கோடு கீடு ஒன்றுமில்லை; நட்சத்திரங்கள்கூட மழுங்கியிருந்தன. தேய்த்த காசு என்று கண்டவுடனே சிரிப்பார்களே! பழைய கறுப்பைக் கொண்டுவர, காசை அவித்த முட்டையோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

"உதென்ன மணம்?" மங்கையற்கரசி டப்பாவைத் திறந்துவிட்டார். "ஐயோ, ஊன்ட்றொப் அம்மன் கோயில்ல கொடியேறியிருக்கு! விரத வீட்டில முட்டையோ?"

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காருக்குள் ஒளித்தார். இரண்டு நாள் நல்ல வெயில். காசு சட்டிக்கரி நிறத்துக்கு வந்தது. காருக்குள் மூக்கை வைக்க முடியவில்லை.

இனித் தன் காசு உதவாது. ஆனால் பாலமுருகன் மட்டும் எப்படி ஏறலாம்? சங்கச் செயலாளர் மெலனிக்கு எழுதினார். மெலனி இங்கேயே பிறந்து வளர்ந்த, மரியாதையான பிள்ளை.

"பிள்ளை, அந்த 1813 காசைப் பெட்டியில வைக்க நான் சம்மதிக்கமாட்டன். அது அச்சு வெடிப்பில்லை, வெறும் கீறல்."

"உண்மையாவோ அங்கிள்? வடிவா யோசிச்சீங்களோ?"

"ஓம். இதுதான் முடிவு."

"சரி அங்கிள். நீங்களே சொன்னாப் பிறகு என்ன."

தன் சொல்லுக்குச் சங்கத்தில் இவ்வளவு மதிப்பா என்று உருத்திரமூர்த்திக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்று பாலமுருகன் ஐந்து தரம் அழைத்தான். இவர் எடுக்கவில்லை. கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டார். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தவர் நின்ற இடத்திலேயே நின்றார். நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு 1813 அரை டாலர். பக்கத்தில் பாலமுருகன் என்று பெரிய எழுத்தில் பெயரட்டை.

"மெலனி!" குரல் கேட்டு மண்டபமே திரும்பியது. "வைக்கக்கூடாதெண்டு நான் எழுதின காசை ஏன் வைச்சனீர்?"

மெலனி திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

"இது சாதாரண வகை அங்கிள், நீங்கள் மாட்டனெண்டதால கடைசி நேரத்தில வைச்சது. பாலா அண்ணை போன கூட்டத்தில படமெடுத்துப் போட்டது உங்கட காசையல்லோ!"