பீன்ஸுக்குச் சட்டை

காலை ஏழு மணிக்கு ஆல்வின் சமையலறை ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, மனைவி எல்ஸ்பெத்தின் பிராட் பீன்ஸ் செடிகள் இருபத்துநாலும் தரையில் படுத்திருந்தன. முழங்கால் உயரத்துக்கு நின்ற செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, உறைபனியில் வெளுத்துக் கிடந்தன.

எல்ஸ்பெத் கடற்கரை நகரமான ஹோபார்ட்டில் இருந்தாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரமாக அக்கா ரோனாவின் வீட்டில். அங்கே வீடு முழுக்கச் சூடு, ஜன்னலில் கடல், பேச ஆள். "குளிர்காலம் மட்டும் இல்ல, இங்கேயே இருந்துடலாமான்னு பார்க்கறேன்" என்று முதல் வாரம் சொன்னாள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பீன்ஸ் எப்படி இருக்கு?"

ஆல்வின் நாற்பது வருஷம் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். நாய்க்கு ஒரு விசில் போதும். ஆட்டுக்கு அதுவும் வேண்டாம். வீட்டிலும் அதே பழக்கம். எல்ஸ்பெத் இந்த பாத்வெல் ஊருக்குத் திரும்பி வந்தால் அந்தச் செடிகளுக்காகத்தான் வருவாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஏப்ரல் கடைசியில், போர்வீரர்களை நினைக்கும் அன்சாக் தினத்து அதிகாலை அஞ்சலி முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் ஊன்றிய விதைகள். கோடை பிறக்கும் டிசம்பரில் காய்த்ததை வெண்ணெயில் வதக்கி அவர் தட்டில் குவிப்பாள். தன் தட்டில் என்ன வைத்துக்கொள்வாள் என்று அவர் பார்த்ததில்லை.

குழாய் உறைந்தால் வெந்நீர் ஊற்றுவது வழக்கம். தண்டும் ஒரு குழாய்தானே என்று கெட்டிலை எடுத்துப் போனார். மதியத்துக்குள் எட்டுச் செடிகள் வெந்து கறுத்துவிட்டன. மற்றவற்றை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை போன் வந்தது.

"நல்லா இருக்கு" என்றார்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மிச்சம் பதினாறும் படுத்திருந்தன. குச்சி நட்டு, வைக்கோல் கட்டும் கயிற்றால் நிமிர்த்திக் கட்டப் பார்த்தார். உறைந்த தண்டு கண்ணாடி மாதிரி. ஏழு செடிகள், ஏழு சத்தம். அன்று மாலையும் நல்லா இருக்கு என்றார்.

மூன்றாம் நாள்தான் தனக்குத் தெரிந்த வேலைக்கு வந்தார். பனியில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் சட்டைகள் கொட்டகையில் கிடந்தன. கால் நுழைக்கும் ஓட்டைகளில் குச்சியைச் செருகி, ஒன்பது செடிகளுக்கும் ஒன்பது சட்டை மாட்டினார். அன்று மாலை "நல்லா இருக்கு" என்று சொன்னபோது குரலில் கொஞ்சம் உண்மைகூட இருந்தது.

விடிந்ததும் பாத்தியில் ஒரு பெண் ஆடு நின்றிருந்தது. பக்கத்துப் பண்ணை டூகலுடையது. போன வாரம் குட்டியைப் பறிகொடுத்திருந்தது. சட்டைகளில் பழைய குட்டி வாசனை. ஒவ்வொரு சட்டையாக முகர்ந்து, தொண்டைக்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டிருந்தது. நடுநடுவே பசிக்குச் செடியையும் தின்றிருந்தது.

டூகல் வேலியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"நாலு நாளா கத்திட்டே இருந்தா. இப்பத்தான் வாயை மூடியிருக்கா. ஒன்பது குட்டி போட்டுட்டதா நினைப்பு. ஏன்யா, பீன்ஸுக்கு யாராவது சட்டை போடுவாங்களா?"

"பனியில படுத்துடுச்சு."

"படுக்கத்தான் செய்யும். பத்து மணிக்கு வெயில் பட்டா தானா எழுந்து நிக்கும். அதைப் பார்க்கத்தானே எல்ஸ்பெத் டீயோட வாசல்ல நிப்பா. நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. பத்து மணிக்கு அவர் பேப்பருக்குப் பின்னால் இருப்பார்.

ஆடு நகர மறுத்தது. கடைசியில் டூகல் ஒரு சட்டையைக் கையில் தொங்கவிட்டு முன்னே நடக்க, அது பின்னாலேயே போனது. பாத்தியில் ஒரே ஒரு செடி மிஞ்சியிருந்தது.

அன்று மாலை அவள் கேட்டதும் ஆல்வினால் பொய் சொல்ல முடியவில்லை. கெட்டிலைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், சட்டையைச் சொன்னார். பிறகு நிறுத்தத் தெரியவில்லை. அந்த ஆடு பேசிய குரலைச் சொன்னார். வீட்டில் கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும் என்று இதுவரை தெரியாது என்றார். அவள் நாற்காலியை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருப்பதைச் சொன்னார். தொண்டை வறண்டபோது நிறுத்தினார். போன் துண்டிக்கப்பட்டது.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்கு ரோனாவின் கார் வாசலில் நின்றது. எல்ஸ்பெத் கைத்தடியோடு இறங்கி, நேராகப் பாத்திக்குப் போனாள். காலையில் படுத்திருந்த ஒற்றைச் செடி அப்போது மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அது முழுசாக எழுந்து நிற்கும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கெட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

ஆல்வின் காரின் பின்பக்கம் போனார். ரோனா பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் போச்சு, ரோனா. டிசம்பருக்கு அவளுக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறாது."

ரோனா பெட்டியை அவர் கையில் திணித்தாள்.

"அவ ஜென்மத்துல பீன்ஸை வாயில வச்சதில்ல, ஆல்வின். வேற எதைக் கேட்டாலும் நீ 'ம்'பே, அதுக்காவது 'நல்லா இருக்கு'ன்னு ரெண்டு வார்த்தை வருமேன்னுதான் கேட்டா. நேத்து முப்பத்தஞ்சு நிமிஷம் பேசினியே, போனை வச்ச கையோட பெட்டியை எடுத்துட்டா."