முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

மைக்கைக் கண்டாலே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். கல்யாண வீட்டில் யாராவது வாழ்த்திப் பேசச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுகிற ஆள். ஆனால் என் பொறாமைக்கு மட்டும் கூச்சமே கிடையாது.

வடசேரி சந்தையில் எனக்கு வாழைக்குலை வியாபாரம். படித்தது ஐந்தாம் வகுப்பு. மகள் ஷைனி அப்போது நர்சிங் கல்லூரியில் மூன்றாம் வருடம். படிப்பு முடிவதற்குள் ஒரு வெளிநாட்டு மொழியும் கற்றுக்கொண்டு, அந்த நாட்டுக்கே வேலைக்குப் போகத் திட்டம் போட்டாள். ஜெர்மனா, ஜப்பானியமா? இப்போதே சேர்வதா, பிறகா? எல்லாம் பேசியது என் மனைவியின் தம்பி செல்வராஜோடு. அவன் துபாயில் இருந்து வந்தவன். அவன் மகன் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் “மாமா” என்று அங்கே ஓடிவிடுவாள். என்னிடம் கேட்டதெல்லாம், “அப்பா, வண்டிச் சாவி எங்க?”

எங்கள் சபையில் ஒரு வழக்கம். வீட்டில் நல்லது நடந்தால் கவரில் காணிக்கை வைத்து, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்போம். இந்த நன்றிக்கு ஸ்தோத்திரம் என்று பெயர்; போதகர் ஆராதனையில் அதை வாசிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மன் தேர்வின் முதல் நிலையில் மகன் தேறியதற்காகச் செல்வராஜ் குடும்பத்தின் ஸ்தோத்திரம் வாசிக்கப்பட்டது. சபையே திரும்பி அவனைப் பார்த்தது. ஷைனியும் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என் வயிற்றில் தீ வைத்தது.

அடுத்த வாரம் நானும் ஒரு கவர் கொடுத்தேன். ‘மகள் ஷைனி ஜெர்மன் மொழியில் தேறியதற்காக.’ எப்படியும் படிக்கத்தானே போகிறாள், நன்றியைக் கொஞ்சம் முன்னாலேயே சொன்னால் என்ன? இதற்கு விசுவாசம் என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன். (வாயைத் திறக்காமல் பெருமைப்பட இதைவிட நல்ல வழி ஏது?)

வாசித்துவிட்டுப் போதகர் சும்மா இருந்திருக்கலாம். “ஷைனி, முன்னால வாம்மா. அப்பாவும் வாங்க. ஜெர்மன்ல ஒரு வசனம் சொல்லு, சபை கேக்கட்டும்” என்றார்.

நான் முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். மைக் என் மகள் கைக்குப் போனது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“பாஸ்டர், நான் இன்னும் கிளாஸ்லயே சேரல்ல” என்றாள். “அப்பா முந்திட்டாவ.”

சபை சிரித்த சிரிப்பில் போதகர் பாட்டுக்குப் போய்விட்டார்.

வெளியே செல்வராஜ் காத்திருந்தான். “அத்தான், எனக்க பய ராத்திரி பகலா முக்கிப் பாஸானான். உங்க மவ சேராமலே பாஸாயிட்டா. எந்த கிளாஸுன்னு சொல்லுங்க, அவனையும் அங்க சேத்துவிடுதேன்.”

வீட்டில் ஷைனி முகம் கொடுக்கவில்லை. சோறு போடும்போதுதான் கேட்டாள். “ஏம்ப்பா இப்பிடிச் செஞ்சிய?”

“நீ எல்லாத்தையும் மாமாட்டதானே கேட்ட.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “மாமாட்ட கேட்டது எந்த கிளாஸு நல்லதுன்னு. போகட்டுமா வேண்டாமான்னு உங்கட்டதானே கேக்கணும்? அதுக்குள்ள நீங்க என்னைப் பாஸாக்கி விட்டுட்டிய.”

“போ மக்கா” என்றேன். “உனக்கு எது பிடிக்குதோ அதைப் படி.”

“பிடிச்சது ஜப்பானியந்தான். ஆனா சபை பூரா ஜெர்மன்னு சொல்லியாச்சே!” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

அப்படித்தான் அவள் ஜெர்மன் படித்தாள். நிஜமாகவே தேறியபோது என் கவரைக் கையில் எடுத்த போதகர், வாசிக்கும் முன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, “உள்ளதுதானே?” என்று கேட்டுக்கொண்டார்.

இப்போது அவள் ஜெர்மனியில் நர்ஸ். போனில் கூப்பிட்டால் முதலில் அம்மாவிடம் கேட்பது, “சோறு நெசமாவே வெந்தாச்சா, இல்ல அப்பாக்க ஸ்தோத்திரமா?” செல்வராஜ் வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவன் மகன் இன்னும் இரண்டாம் நிலையைத் தாண்டவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

(எழுதுவது வேறு.)