கிணற்றின் அடியிலிருந்து

"இதுல என் புருஷன் எங்கே?" என்று கேட்டாள் காஸ்துலா. ஊரில் அவளை மரியாதையாகத் தோன்யா என்பார்கள்.

ஓவியர் இலாரியோ தகரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள தகரம். அதில் பெரும்பகுதி கறுப்பு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்ச வட்டம். வட்டத்தின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு தலையின் நிழல். வேறெதுவும் இல்லை.

"உங்க புருஷன் கிணத்துக்கு அடியில நிக்கிறாரு, தோன்யா. நாம அவரு கண்ணால மேல பாக்குறோம்."

"நான் எதுக்குக் கிணத்துக்குள்ள நிக்கணும்? விழுந்தவரு அவரு இல்ல?"

"அதைத்தான் சொல்றேன். அவரு பாத்ததை நாமளும் பாக்குறோம்."

"சரி, மாதா எங்கே?"

"அந்த வெளிச்சம்தான் மாதா."

காஸ்துலா தகரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அப்படிப் பார்த்தும் மாதா கிடைக்கவில்லை.

மெக்ஸிகோவின் இந்த மலைப்பக்கத்தில், தோஸ் அரோயோஸ் ஊரில், யாராவது சாவிலிருந்து தப்பினால் நடந்ததைத் தகரத்தில் படமாக எழுதி வாங்கி மாதா கோயில் சுவரில் மாட்டுவார்கள். அடியில் இரண்டு வரி நன்றி இருக்கும். இலாரியோவுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து இந்த நேர்த்திப் படங்கள்தான் தொழில். மாடு முட்டிப் பிழைத்தவர்கள், இடி விழுந்தும் தப்பியவர்கள், பிரசவத்தில் மீண்டவர்கள் என்று அந்தச் சுவரில் பாதி அவர் கைவேலை. ஆனால் அதில் ஒன்றுகூட அவருடைய படம் இல்லை. "மாட்டை இன்னும் கொஞ்சம் கோபமா போடுங்க", "என் நாத்தனாரை அழகா போட்டுத் தொலைச்சுடாதீங்க" என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு எழுதியவை அவை. போதாததற்கு எல்லோரும் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். ஊரில் சுவர் பூசுகிறவரும் மேஸ்திரிதான், செருப்புத் தைக்கிறவரும் மேஸ்திரிதான்.

கண் மூடுவதற்குள் ஒரே ஒரு படமாவது தன் மனசிலிருந்து எழுதி அந்தச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்பது இலாரியோவின் ஆசை. இதை மனைவி ரெஃபூகியோவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். அதனால் அவளுக்குப் புரியவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அப்போதுதான் காஸ்துலா ஒரு கதையோடு வந்து நின்றாள். அவள் கணவர் அபுந்தியோ கிணற்றடியில் கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டார். "நான் அடுப்படியில தொர்த்தியா ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன் மேஸ்திரி, எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் தட்டி முடிச்சுட்டுத் தண்ணி சேந்தப் போனா உள்ளேருந்து முனகல் சத்தம்!" தெருக்காரர்கள் கயிறு போட்டு, கோவேறு கழுதையைப் பூட்டி இழுத்து, ஆளை மேலே கொண்டுவந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான். கணுக்கால் எலும்பு மட்டும் முறிந்திருந்தது.

அதைவிடப் பெரிய சேதி, அபுந்தியோ அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஊரில் யார் எது செய்தாலும் பக்கத்தில் நின்று அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிற மனிதர் அவர். பாதிரியாருக்குப் பிரசங்கம், மருத்துவச்சிக்குப் பிரசவம், இலாரியோவுக்குத் தூரிகை பிடிக்கிற விதம் எல்லாம் சொல்லித் தந்திருக்கிறார். நாக்கில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். அதிர்ச்சி என்றாள் காஸ்துலா. ஊர் பரிதாபப்பட்டது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

கதையைக் கேட்ட பிறகு இலாரியோவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை காலமும் விழுகிறவனைத் தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிறவன் மாதிரியே எழுதிவிட்டோமே என்று பட்டது. விழுந்தவன் என்ன பார்த்திருப்பான்? கொல்லைக்குப் போய், காலியாக இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, குந்தி உட்கார்ந்து மேலே பார்த்தார். வெளியே ஒரு துண்டு வானம் தெரிந்தது. மனசுக்குள் ஏதோ கிளர்ந்தது.

"உள்ளே என்ன பண்றீங்க?" என்று முக்காட்டோடு எட்டிப் பார்த்தாள் ரெஃபூகியோ.

"அசையாதே! அப்படியே நில்லு!"

"அடுப்புல பீன்ஸ் இருக்கு, தீஞ்சு போயிடும்."

"தீயட்டும்!"

தீய்ந்தது. ஆனால் படம் பிறந்துவிட்டது. கடையில் வாங்கின கறுப்பு எதுவும் கிணற்றுக் கறுப்பாக இல்லாததால், ரெஃபூகியோவின் பானை அடியில் இருந்த கரியையெல்லாம் சுரண்டி எண்ணெயில் குழைத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் என் பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்கு" என்றாள் அவள். இலாரியோ காதில் வாங்கவில்லை. எழுதி, காயவைத்து, மேலே வார்னிஷும் பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான்.

அந்தப் படத்தைத்தான் காஸ்துலா இப்போது தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை நேராக்கி, வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

"எது?"

"எட்டிப் பாக்குதே, இந்தத் தலை."

"அது யாருன்னு இல்லை, தோன்யா. வட்டம் காலியா இருந்தா நல்லா இல்லை. மனசு ஒரு தலை கேட்டுச்சு, வச்சேன்."

"முக்காடு போட்டிருக்கே."

"நிழலுக்கு ஒரு வடிவம் வேணாமா?"

"யாரு சொன்னா உங்ககிட்ட?"

"யாரும் சொல்லலை. கலை உள்ளேருந்து தானா வரும்."

காஸ்துலாவின் நெற்றி வியர்த்திருந்தது. ஓவியம் புரியாதவர்களுக்கு இப்படித்தான் வியர்க்கும்போல என்று இலாரியோ நினைத்துக்கொண்டார்.

"அங்கே யாரும் நிக்கலை. நான் அடுப்படியில இருந்தேன்னு சொன்னேன்ல? தலையை அழிச்சிட்டு மாதாவைப் போடுங்க. ஞாயித்துக்கிழமை பூசைக்கு மாட்டணும்."

தலையை அழிக்க இலாரியோவுக்கு மனசு வரவில்லை. ஒரு சமாதானம் செய்துகொண்டார். அந்த நிழல் தலையின் மேலேயே ஒளிவட்டம் வைத்து, நீல முக்காடு போர்த்தி, மாதாவே கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதாக ஆக்கினார். பார்வை அப்படியே இருக்கிறது, மாதாவும் வந்துவிட்டாள். மறுநாள் பார்த்த காஸ்துலா நீண்ட பெருமூச்சு விட்டு, "இப்பத்தான் நல்லா இருக்கு" என்றாள்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் தோன் பிராக்ஸெதிஸ் வந்தார். கோவேறு கழுதையின் சொந்தக்காரர்.

"என் கழுதை எங்கே?"

"இது அபுந்தியோவோட படம், அண்ணே."

"இழுத்தது யாரு? அபுந்தியோ தன்னைத்தானே இழுத்துக்கிட்டானா? மத்தியானத் தூக்கத்துல இருந்த கழுதையை எழுப்பிக்கொண்டு போனேன். காலையில விழுந்த ஆளுக்கு மத்தியானம் வந்து கூப்பிடுறாங்க, அதையும் பொறுத்துக்கிட்டுப் போனேன். அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

பிராக்ஸெதிஸ் தோள் அகலமான மனிதர். இலாரியோ மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு கழுதைத் தலையை வைத்தார்.

அடுத்து வந்தவர் கோயில்பிள்ளை நாபோர். சுவரில் மாட்டுகிற படங்களையெல்லாம் முன்கூட்டியே பார்த்துவைப்பது தன் கடமை என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேஸ்திரி இது? மாதாவும் கழுதையும் சேர்ந்து தண்ணி குடிக்க வந்த மாதிரி இருக்கு!"

"ரெண்டு பேரும் காப்பாத்த வந்திருக்காங்க."

"கழுதைக் காது மாதாவோட ஒளிவட்டத்தைவிடப் பெருசா இருக்கு. இதை மாட்டினா ஃபாதர் என்னைத்தான் மாட்டுவாரு."

இலாரியோ காதுகளைக் கத்தரித்துச் சின்னதாக்கினார். மறுநாள் காலையில் பிராக்ஸெதிஸ் மறுபடி வந்து பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமலே, "எங்க பரம்பரையில யாரும் ஆடு வளர்த்ததில்லை" என்றார். அது அவர் கத்துவதைவிட மோசம். இலாரியோ காதுகளைப் பழையபடி நீட்டினார். மாதாவுக்கு இடம் போதாமல் அவளை மேலே ஒரு மேகத்துக்கு அனுப்பினார். மேகத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் வட்டத்தைப் பெரிதாக்கினார்.

வட்டம் பெரிதானது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இடம் இருக்கிறதே என்று கயிறு பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ரொட்டிக்காரர் வந்தார். ட்ரம்பெட் வாசிக்கிறவர் தன் ட்ரம்பெட்டோடு வந்தார்.

"அன்னிக்கு ட்ரம்பெட் வச்சிருந்தியா?" என்று கேட்டார் இலாரியோ.

"இல்லை. ஆனா அது இல்லாம என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?"

மருத்துவச்சி, தான் கயிறு பிடிக்கவில்லை என்றும் ஆனால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னது தானே என்றும், வழக்கமாக அதைச் சொல்கிற ஆள் அப்போது கிணற்றுக்குள் இருந்ததால் தான் சொல்ல வேண்டியதாயிற்று என்றும் விளக்கினாள். அவளையும் வரைந்தார்.

சனிக்கிழமை ரெஃபூகியோ வந்து பார்த்தாள். வட்டத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு ஊரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் கழுதை.

"நல்லா இருக்கே" என்றாள். "என்ன சமைக்கிறாங்க?"

"என்ன?"

"திருவிழாவுக்குப் பெரிய பானையில பொசோலே கொதிக்குது, எல்லாரும் வெந்துடுச்சான்னு பாக்குறாங்க. அதுதானே?"

இலாரியோ தூரிகையைக் கீழே வைத்தார். பார்க்கப் பார்க்க அவருக்கும் பானைதான் தெரிந்தது. ட்ரம்பெட்காரர் கரண்டி பிடித்திருப்பது போலவே இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"வாழ்க்கையில ஒரே ஒரு படம் நானா எழுதினேன், ரெஃபூகியோ. அதையும் நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டுட்டாங்க."

"அடியில இருக்குல்ல?"

"என்னது?"

"உங்க படம். வார்னிஷ் பூசினீங்களே. மேல இருக்கிறது இன்னும் ஈரம்தானே?" என்றவள், டர்பன்டைன் புட்டியையும் ஒரு பழைய துணியையும் அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது என்பது இலாரியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். மருத்துவச்சி போனாள், ரொட்டிக்காரர் போனார், ட்ரம்பெட் போனது. கழுதை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேகத்தையும் துடைத்தார். அடியிலிருந்து கறுப்பு வந்தது. வெளிச்ச வட்டம் வந்தது. கடைசியில் அந்த முக்காட்டுத் தலை மெல்ல வெளியே வந்து அவரை எட்டிப் பார்த்தது. இனி யார் வந்து கேட்டாலும் இதில் ஒரு புள்ளிகூட மாற்றுவதில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னாலேயே படத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாதிரியாரிடம் காட்டினார். "காஸ்துலாவுக்கு வேணாம்னா வேற ஒண்ணு எழுதித் தர்றேன் ஃபாதர். இது என் நேர்த்தியா இருக்கட்டும்."

"நீ எதுலேருந்து தப்பிச்சே?"

இலாரியோ யோசித்தார். "இன்னும் தப்பிக்கலை. மாட்டினா தப்பிச்சுடுவேன்."

பாதிரியார் படத்தைப் பார்த்தார். இலாரியோவின் முகத்தைப் பார்த்தார். எதில் என்ன கண்டாரோ, "தூண் பக்கத்துல மாட்டு" என்றார்.

பூசை முடிந்ததும் கூட்டம் தூணைச் சூழ்ந்துகொண்டது. "இது என்னது, தொப்பியா?" என்றார் ரொட்டிக்காரர். "என் கழுதையைக் கொன்னுட்டான்" என்றார் பிராக்ஸெதிஸ். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோயில்பிள்ளை நாபோர், தனக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தூரத்தில் இருந்தவர்களிடம்கூடப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். இலாரியோ தூணோடு தூணாக நின்றார். காது மடல் சூடாகிவிட்டது. ஒருவேளை நான் வெறும் மேஸ்திரிதானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அது அவருக்கு மிகவும் வலித்தது.

அப்போது காஸ்துலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் கட்டுப்போட்ட காலும் ஊன்றுகோல்களுமாக அபுந்தியோ. படத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"அழிக்கச் சொன்னேனே! மேஸ்திரி, உங்களுக்கு மூளை இருக்கா? எடுங்க அதை! இதெல்லாம் ஒரு படமா? கரியைப் பூசி வச்சிருக்கீங்க!" பிறகு கணவன் பக்கம் திரும்பி, குரலைத் தேனாக்கிக்கொண்டு, "நீங்க வாங்க, இதைப் போய்ப் பாத்துக்கிட்டு... கால் வலிக்கும், வீட்டுக்குப் போலாம்" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அபுந்தியோ நகரவில்லை. ஊன்றுகோல்களை நன்றாக ஊன்றிக்கொண்டு படத்துக்கு நேராக நின்றார். கறுப்பைப் பார்த்தார். வெளிச்சத்தைப் பார்த்தார். தலையைப் பார்த்தபோது அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். ஊரில் இந்தப் படத்தைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லத் தகுதி உள்ள மனிதர் இவர் ஒருவர்தான்.

விழுந்த நாளிலிருந்து மூடியே கிடந்த வாய், அன்று எல்லோர் முன்னாலும் திறந்தது.

"தத்ரூபமா நான் பாத்தது இதேதான், மேஸ்திரி. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு. என்னைத் தள்ளிவிட்ட இவ கை ரெண்டும் அப்ப இன்னும் நீட்டினபடியே இருந்துச்சு."