சர்வர் மேல் பல்லி இருந்த பலன்

ஒரு காட்டில் செல்போன் கோபுரம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அணில் முதல் யானை வரை எல்லோர் கையிலும் ஒரு போன். கை இல்லாதவர்கள் வாலில் சுற்றி வைத்திருந்தார்கள். எல்லோரிடமும் போன் வந்துவிட்டால் அடுத்தபடியாக எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா? அப்படித் தெரிந்தவர்கள் கூடி எழுதியதுதான் காட்டு விக்கி.

அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எந்தக் காளானைத் தின்னலாம், எதைத் தின்றால் பதினாறாம் நாள் காரியம், புலி எந்நேரம் எங்கே இருக்கும் என்று சகலமும் அதில் உண்டு. ‘வேர்க்கடலை’ என்ற பக்கத்தை மட்டும் குரங்குகள் நானூற்றுப் பன்னிரண்டு முறை திருத்தியிருந்தன. வறுத்தது உசத்தியா அவித்தது உசத்தியா என்பதில் இரண்டு கட்சி.

இத்தனை அறிவும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. மொட்டைப்பாறைக் குட்டையின் கரையில் மனிதர்கள் விட்டுப்போன ஒரு பங்களா. கூரையில் சோலார் தகடு, உள்ளே மேஜை மேல் அந்தப் பெட்டி. அதற்கு சர்வர் என்று பெயர். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. ஒரே சமயத்தில் நிறையப் பேர் கேட்டால் சூடாகும். சூடு மிஞ்சினால் படுத்துவிடும்.

நிர்வாகி, கரடி மாசிலாமணி. அவர் சர்வரைக் கவனித்த முறை எளிமையானது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். பிறகு விக்கியில் உள்ள புகார்ப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். சர்வர் படுத்துக் கிடக்கும்போது புகார்ப் பக்கமும் சேர்ந்து படுத்துக் கிடக்கும், எழுத முடியாது. எழுந்த பிறகு எழுத யாருக்கும் ஞாபகம் இராது. ஆகவே நான்கு வருஷமாக ஒரு புகார்கூட இல்லை என்று பொதுக்குழுவில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

போன கோடையில் ஒரு முயல், ‘புலி இப்போது எங்கே’ என்ற பக்கத்தைத் தட்டிவிட்டு, அது திறக்கட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றது. பக்கம் திறப்பதற்குள் பதில் நேரிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பொதுக்குழுவுக்கு ரோஷம் வந்தது. சர்வரைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடுவது என்று தீர்மானம் ஆயிற்று. இமை இல்லாதவர்கள் இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் சாரைப்பாம்பு. குழுவில் தவளைகள் பெரும்பான்மை என்பதால் அவருக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பே போகவில்லை. மற்றவள் தாட்சாயணி என்ற பல்லி. அவளுக்கு வேலை கிடைத்தது.

தாட்சாயணி மூன்று பிரதி விண்ணப்பத்தில் எல்லாம் எழுதினாள், ஒன்றைத் தவிர. சர்வரின் முதுகில், வெதுவெதுப்பான ஒரு மூலையில், அவளுடைய இரண்டு முட்டைகள் ஒட்டியிருந்தன. பல்லி முட்டையை இட்ட இடத்திலிருந்து பெயர்த்தால் உடைந்துவிடும். சூடு குறைந்தால் பொரியாது, கூடினால் வெந்துவிடும். இன்னும் ஐம்பது நாள் அந்தப் பெட்டியை விட்டு அவளால் நகர முடியாது. அரசாங்க வேலைக்குக்கூட யாரும் இவ்வளவு ஆசையோடு போனதில்லை.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. வயிற்றைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு சூடு பார்ப்பாள். பக்கம் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பல்லிக்கு இமை கிடையாதே, கண் உலர்ந்தால் நாக்கால்தான் நக்கிக்கொள்ளும். இரண்டு நக்கலுக்குள் பக்கம் திறந்தால் சர்வர் சௌக்கியம். ஐந்தானால் கவலை. பத்தைத் தாண்டினால் அவள் மூன்று முறை ச்சு, ச்சு, ச்சு என்று உரக்கச் சொல்ல வேண்டும். கேட்டதும் கரடியார் வந்து ஆவன செய்ய வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு முதல் செவ்வாய்க்கிழமையே சோதனைக்கு வந்தது. குரங்குகள் வேர்க்கடலைப் போரை மறுபடி தொடங்க, பக்கம் திறக்கப் பன்னிரண்டு நக்கல் ஆயிற்று. தாட்சாயணி மூன்று முறை சொன்னாள்.

காடே நின்றது. மேய்ந்த மான் மேய்ச்சலை விட்டது. தேன் குடித்துக்கொண்டிருந்த கரடியார் எழுந்தார், எழுந்தவர் பங்களாவுக்கு வரவில்லை. எந்தத் திசையிலிருந்து சத்தம் வந்தது என்று பக்கத்தில் இருந்த காட்டுப்பன்றியைக் கேட்டார். தென்கிழக்கு என்றது பன்றி. உடனே அவரும் பன்றியும் மானும் மற்ற அத்தனை பேரும் போனை எடுத்து, விக்கியில் ‘கௌளி பலன்’ என்ற பக்கத்தைத் திறந்தார்கள். பல்லி சொன்னால் பலன் பார்க்காமல் யாராவது வேறு வேலை பார்ப்பார்களா?

அந்தப் பக்கத்தை எழுதியவர் கிளி சோலைமலை. பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜோசியரிடம் பதினொரு வருஷம் சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுக் காட்டுக்கு ஓடிவந்தவர். அவருடைய பக்கம் சும்மா எழுதி வைத்த பக்கம் அல்ல. திறக்கிறவருடைய நட்சத்திரம், கிழமை, நாழிகை, திசை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அந்த நொடியே புதிதாகக் கணித்துக் கொடுக்கும். ஒரு ஆளுக்கு அதைச் செய்யவே சர்வர் மூச்சு வாங்கும். காட்டில் ஆயிரத்து எண்ணூறு பேர்.

பெட்டி கொதித்தது. தாட்சாயணி பதறிப்போய் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் சொன்னால் மறுபடியும் பலன் பார்க்க வேண்டாமா, பார்த்தார்கள். மூன்றாம் தடவையாகச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது சர்வர் படுத்துவிட்டது. நல்லவேளை, படுத்ததால் சூடு தணிந்து முட்டைகள் பிழைத்தன.

தாட்சாயணி அன்றே அறிக்கை எழுதினாள். கௌளி பலன் பக்கத்தில் தினமும் காலையில் ஒருமுறை கணித்து, அதையே நாள் முழுக்க எல்லோருக்கும் காட்டினால் போதும், சர்வருக்குப் பாரம் குறையும் என்பது அவள் யோசனை. சோலைமலை அதைப் படித்துவிட்டு இறகை உதறினார்.

“காலைல போட்டு வச்சு சாயங்காலம் வரைக்கும் எடுத்துக் குடுக்க பலன் என்ன ஊறுகாயாம்மா?” என்று கேட்டார். அத்தோடு யோசனை முடிந்தது.

ஒரே மாதத்தில் இப்படி நான்கு முறை நடந்தது. கரடியார் நான்கு தேதிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். பல்லி சொன்ன ஒவ்வொரு நாளும் சர்வர் படுத்திருக்கிறது. பல்லி சொல்லாத நாளில் படுக்கவில்லை. ஆக, குற்றம் யார் பேரில்?

“தாட்சாயணிம்மா, நான் தனிப்பட்ட முறையில ஒண்ணும் சொல்லல,” என்றார் தரையைப் பார்த்தபடி. “ஆனா உன் வாய் சரியில்லன்னு ஜனங்க பேசுறாங்க. இன்னும் ஒரு தடவ சர்வர் படுத்துச்சுன்னா, நீ பங்களாவ காலி பண்ணிர வேண்டியதுதான்.”

“ஐயா, பின்னாடி என் முட்ட ரெண்டு இருக்கு. இருபது நாள் பொறுத்துக்கிட்டா போதும்.”

“அதையும் எடுத்துக்கிட்டுப் போம்மா, யாரு வேணாங்கிறா?” என்றார் கரடியார் பெருந்தன்மையாக. எச்சரிக்கைக் கடிதத்தின் அடியில், ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம் என்ற பழமொழியை ஐந்தாவது குற்றச்சாட்டாகச் சேர்த்திருந்தார்கள். பங்களாவில் கழுநீர்ப் பானையே கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் தாட்சாயணி. கொடுத்துவிட்டு முட்டைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். இமை இல்லாததால் அழுவதும் அவளுக்குச் சிரமம்தான்.

சித்திரை பிறந்தது. ஓடைகள் எல்லாம் வற்றி மொட்டைப்பாறைக் குட்டை ஒன்றுதான் மிஞ்சியது. அதில் யார் எந்நேரம் தண்ணீர் குடிக்கலாம், குறிப்பாகப் புலி எந்நேரம் குடிக்கும் என்ற முறைப்பட்டியல், முதல் தேதி காலை பத்து மணிக்கு விக்கியில் வெளியாகும் என்று அறிவித்திருந்தார்கள். ஒன்பதரைக்கே ஆயிரத்து எண்ணூறு பேரும் போனைத் தட்டத் தொடங்கினார்கள்.

பக்கம் திறக்கப் பதினைந்து நக்கல், இருபது நக்கல் என்று ஏறியது. தாட்சாயணிக்கு வயிறு சுட்டது. சொல்லாமல் இருந்தால் முட்டை வெந்துவிடும். சொன்னால் எல்லோரும் கௌளி பலனைத் திறப்பார்கள், சர்வர் படுத்துவிடும், முட்டையை விட்டுவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும். இப்படியும் போக முடியாமல் அப்படியும் போக முடியாமல் பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தாள். மூன்றாவது சுற்றில்தான் அவளுக்கு அது உறைத்தது. இந்த விக்கியில் யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாமே, அந்த யாரில் பல்லி சேராதா?

சர்வரோடு ஒரு தொடுதிரை இருந்தது. பல்லிக் கால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எழுத்துக்கும் காலைப் பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டும். சோலைமலையின் கணிதம் முழுவதையும் அழித்துவிட்டு மூன்றே வரி எழுதினாள். பல்லி மூன்று முறை சொன்னால் அரை மணி நேரம் போனைத் தொடக் கூடாது. மீறினால் மாமியார் வீட்டார் மொத்தமாக வந்து மழைக்காலம் முடியும்வரை தங்குவார்கள். எந்தப் பலனிலும் அசைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பரிகாரம் போடுவது மரபு என்பதால், இரை தின்பவர்கள் மட்டும் கூடவே கிழக்கே பார்த்துக் கண்ணை மூடி நிற்க வேண்டும் என்று சேர்த்தாள். ‘ஆதாரம்’ என்று கேட்ட கட்டத்தில், காஞ்சிபுரத்துத் தங்கப் பல்லி, எனக்கு ஒன்றுவிட்ட பெரியம்மா, நேரில் சொன்னது என்று எழுதினாள். சேமிக்க அறுபத்தோரு நக்கல் ஆயிற்று. நாக்கு வறண்டுபோயிற்று.

பிறகு முட்டைகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்று முறை சொன்னாள்.

வழக்கம்போல் காடு முழுவதும் கௌளி பலனைத் திறந்தது. பெட்டி ஒரு கணம் முனகியது. ஆனால் கணக்குப் போட அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மூன்று வரி. ஒரே நக்கலில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. படித்தார்கள். அடுத்த நிமிஷம் ஆயிரத்து எண்ணூறு போனும் கீழே இறங்கின. கல்யாணம் ஆகாதவர்கள்கூட வைத்துவிட்டார்கள், எதற்கு வம்பு என்று. தாட்சாயணியின் வயிற்றுக்கு அடியில் சூடு மெல்ல மெல்ல இறங்கியது.

ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. போனும் இல்லை, பட்டியலும் படிக்கவில்லை, தாகமோ பொறுக்கவில்லை. மானும் முயலும் பன்றியும் கரடியாரும் கூட்டமாகக் குட்டைக்கு வந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் புலி, கிழக்கே பார்த்துக் கண்ணை மூடி நின்றது. பட்டியலில் அதன் முறை பத்து மணி. அரை மணி நேரம் ஆகிவிட்டதென்று கண்ணைத் திறந்த புலி, தன் எதிரே காடே வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்து, தமிழ்ப் புத்தாண்டுக்கு இவ்வளவு பெரிய இலை போட்டிருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோயிற்று.

சர்வர் அப்போது குளிர்ந்துதான் இருந்தது. சொல்வதற்கு முறைப்படி ஒரு காரணமும் இல்லை. தாட்சாயணி தன் பணிக்காலத்தில் முதல்முறையாகப் பொய்யாகச் சொன்னாள். ச்சு, ச்சு, ச்சு.

புலி பெருமூச்சு விட்டது. அதற்கு மூன்று மாமியார் வீடு. கிழக்கே திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அது மூடியிருந்த அரை மணிக்குள் காடு முழுவதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

சோலைமலை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் பழையபடி மாற்றிவிட ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து போனை எடுத்தார். தாட்சாயணி சொன்னாள். வைத்துவிட்டார். எடுத்தார், சொன்னாள். மாலை வரை இப்படியே போயிற்று. அதற்குள் காடு முழுவதும் அவரைத் தேடி வந்து, உயிரைக் காப்பாற்றிய பக்கம் அவருடைய பக்கமாமே என்று வாழ்த்தத் தொடங்கிவிட்டது. மூன்றாவது வாழ்த்தில் அவர் போனை மடித்து வைத்தார். நான்காவது வாழ்த்தில், இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் தாட்சாயணிக்கு வேறொரு கவலை வந்தது. பயத்தில் யாரும் விக்கி பக்கமே வரவில்லை. பெட்டி சில்லென்று கிடந்தது. முட்டைகளும் சில்லிட்டன.

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். தொடுதிரைக்குப் போய், ‘வேர்க்கடலை’ பக்கத்தில், இதை வறுக்கவும் கூடாது அவிக்கவும் கூடாது, பச்சையாகத் தின்பதே உத்தமம் என்று ஒரு வரி சேர்த்தாள். இரண்டு கட்சிக் குரங்குகளும் பயத்தை மறந்து ஒரே நொடியில் வந்து விழுந்தன. பெட்டி வெதுவெதுத்தது. கொஞ்சம் கூடுதலாகச் சூடேறியபோது மூன்று முறை சொன்னாள், போர் நின்றது. ஆறியபோது, தேங்காயைப் பற்றி ஒரு வரி எழுதினாள்.

இப்படிப் பதினேழு நாள். சூட்டின் அளவைக் கரடியார் கோடாகப் போட்டுப் பார்த்தார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. இந்தக் காட்டில் இதுவரை எந்த இயந்திரமும் இப்படி ஓடியதில்லை என்று பொதுக்குழுவில் அவருக்கு மாலை போட்டார்கள். அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்து பார்வையிட வந்தார்கள். ரகசியம் என்ன என்று கேட்டவர்களிடம், வெள்ளிக்கிழமைக் குங்குமம் என்றார் கரடியார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், சர்வரின் முதுகில் இரண்டு ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிசல் விட்டன. வெளியே வந்த இரண்டும் தாயை நிமிர்ந்து பார்த்து, முதல் வேலையாகக் கண்ணை ஆளுக்கு ஒருமுறை நக்கிக்கொண்டன. தாட்சாயணி அன்று மாலையே ராஜினாமா கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு சுவரேறிப் போய்விட்டாள். மறுநாள் காலை பத்தேகால் மணிக்கு சர்வர் படுத்தது. புகார் ஒன்றும் வரவில்லை.

நீதி: பொதுச் சொத்தைக் காவல் காக்க ஆள் தேடினால் கல்வியையும் நேர்மையையும் விசாரிக்காதே, அங்கேயே முட்டை இட்டிருக்கிறதா என்று பார். பொரிக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும்.