கருடனைக் காட்டிய மருமகள்

விலங்கியல் படித்தவர்களை ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைக்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன்.

கல்யாணமான புதிது. காரைக்குடியிலிருந்து காலை ரயிலில் ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடிப் பக்கம் வந்திருக்கும் பூநாரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். நான், கணவர், மாமனார், மாமியார். என் கவலை பூநாரை அல்ல. சிவகங்கையில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. போகட்டுமா என்று மாமியாரிடம் எப்போது கேட்டாலும் "பாப்போம்த்தா" என்பார். கல்லூரிக்காரர்களோ உடனே பதில் சொல்லச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

ரயில் கிளம்பியதுமே பரீட்சை ஆரம்பித்துவிட்டது. "எம் மருமக எம்மெஸ்ஸி. பறவை, மிருகம் எல்லாம் அத்துபடி" என்று எதிர் சீட்டு அம்மாவிடம் மாமியார் பெருமையாகச் சொல்லிவிட்டார். (கல்லூரியில் நான் பழகிய உயிரினங்களெல்லாம் பாட்டிலுக்குள் பார்மலினில் மிதந்தவை. பறந்தது ஹாஸ்டல் கரப்பான் பூச்சி மட்டும்.) ஒரு கண்மாயைத் தாண்டும்போது, "அது என்னத்தா?" என்றார்.

"ஒரு வகை நாரை, அத்தை."

"பக்கத்துல நிக்கிறது?"

"அது வேறொரு வகை நாரை."

எதிர் சீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் திடீரென்று செய்தித்தாளில் மூழ்கிப்போனார்.

மானம் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கண்டேன். நெல் முற்றி நின்ற வயலுக்கு மேலே, வெள்ளைத் தலை, செந்நிற இறக்கை, காற்றில் கம்பீரமாக.

"அத்தை! அங்குட்டுப் பாருங்க, கருடன்!"

மாமியார் எழுந்தே நின்றுவிட்டார். "ஏங்க, பாத்தீகளா!" என்று மாமனாரை உலுக்கி, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதிர் சீட்டு அம்மா செருப்பைக் கழற்றினார். பெட்டியே அந்தப் பக்கம் திரண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாமியார் என் கையைப் பிடித்து, "இதுக்கு மேல என்னத்தா சகுனம் வேணும்? வேலைக்குப் போ" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ரயில் அப்படியே போயிருக்கக் கூடாதா? சிக்னலுக்காக அந்த வயலுக்கு நேரே நின்று தொலைத்தது.

கருடனும் நின்றது. இடத்தை விட்டு அசையவே இல்லை. கும்பிட்ட கையை யாரும் இறக்கவும் இல்லை. திடீரென்று காற்று அடங்கியது. கருடன் தலைகுப்புறக் கவிழ்ந்து, மூங்கில் கம்பில் கட்டிய கயிற்றில் ஈரத்துணி மாதிரி தொங்கியது. குருவியை விரட்ட வயலில் கட்டும், பருந்து வடிவப் பிளாஸ்டிக் பட்டம். அதன் கீழேயே குருவிகள் நிம்மதியாக நெல் தின்றுகொண்டிருந்தன.

"ஏங்க, உங்க மருமக என்ன படிச்சிருக்குன்னு சொன்னீக?" என்றார் எதிர் சீட்டு அம்மா.

வேலை போச்சு (சேர்வதற்கு முன்பே) என்று குனிந்துகொண்டேன். பக்கத்தில் மாமியாரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், சிரிப்பு! அடக்க முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கன்னத்துல போட்டது போட்டதுதேன். சொன்னதும் சொன்னதுதேன். போயிச் சேருத்தா. பிள்ளைகளுக்குப் பறவைப் பாடம் மட்டும் நடத்திராத."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. தனுஷ்கோடியில் பூநாரைகளையும் பார்த்தோம். யாரும் என்னிடம் எதற்கும் பெயர் கேட்கவில்லை.

இன்றும் அதே கல்லூரியில்தான் வேலை. மாடியில் வத்தல் காயப்போடும்போது மேலே பருந்து வட்டமிட்டால், மாமியார் கன்னத்துக்குப் போன கையைப் பாதியில் நிறுத்திக் கீழே குரல் கொடுப்பார்.

"ஏத்தா, மேல வா. கயிறு இருக்கான்னு பாத்துச் சொல்லு!"