தமிழ்ச்செல்வன் சாரின் தமிழ்

தமிழ்ச்செல்வன் சாரின் படத்துக்கு மாலை வந்துவிட்டது. அவருடைய தமிழ்தான் இன்னும் வரவில்லை.

"என்னங்க சார் இது? 'jpid'ன்னு போட்டிருக்கு?" ஆபீசுக்குப் புதிதாக வந்த தேவிப்பிரியா திரையை எட்டிப் பார்த்தாள்.

"தினைம்மா," என்றார் அர்ச்சுனன். "பழைய ஃபான்ட். புது கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியல."

அது தினை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இருபது வருஷத்துக்கு முன் சாரின் பேச்சுக்கான நாற்பது ஸ்லைடையும் ராப்பகலாக உட்கார்ந்து அடித்தவரே அவர்தான். அதியமான்கோட்டைப் பக்கம் இருக்கும் அந்த மானாவாரிப் பயிற்சி மையத்தில் அப்போது அவர் தட்டச்சர், தமிழ்ச்செல்வன் அலுவலர். அதை எடுத்துக்கொண்டு சித்தேரி மலைக்குப் போய் சார் பேசினார். தினையையும் சாமையையும் கைவிட்டிருந்த சனங்கள் அடுத்த ஆடியிலேயே மறுபடி விதைத்தார்கள். 'சிறந்த கணினி வழி விளக்கவுரை' என்று துறையில் சாருக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அன்று சாருடன் மலையேற அர்ச்சுனனுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்றுவரை உண்டு.

போன வாரம் சார் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்கப் போன இடத்தில் அவர் மனைவி பானுமதி ஒரே ஒரு ஆசைதான் சொன்னார்.

"வூட்டுல அடுப்போடயே என் காலம் போயிடுச்சு தம்பி. அவரு மலையில என்னதான் காட்டுனாருன்னு ஒருக்கா பாத்துடணும்."

"நான் காட்டறேங்க அக்கா," என்று சொல்லிவிட்டு வந்தார். நாலு மணிக்கு இரங்கல் கூட்டம். இப்போது மணி பதினொன்று.

கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டது: கோப்பில் கோளாறு, சரி செய்யட்டுமா? அர்ச்சுனன் 'சரி' என்று அழுத்தினார். எழுத்து அப்படியே இருந்தது. படங்கள் இருந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி உட்கார்ந்துகொண்டது.

"சார், சேவ் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேனே."

"அதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வெச்சீங்களா?"

அர்ச்சுனன் மின்விசிறியைப் பார்த்தார்.

சேலத்தில் அச்சகம் வைத்திருக்கும் மாதப்பனுக்குப் போன் போட்டார். மாதப்பன் வாட்ஸப்பில் ஒரு ஃபான்ட் அனுப்பினான். போட்டதும் எல்லாம் தமிழாக மாறியது. ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்றுதான் தெரியவில்லை. தினை இருந்த இடத்தில் 'ஞூடு' என்று நின்றது. இன்னொன்று அனுப்பினான். அதில் தினை வந்தது, சாமை வந்தது. அர்ச்சுனனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கடைசி ஸ்லைடுக்கு என்று அவர் அன்று ஆசையாக வைத்த கைதட்டல் ஓசை இப்போது நாற்பது ஸ்லைடிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கப் பார்த்தார், ஸ்லைடுகள் தானாகவே ஓட ஆரம்பித்தன. மணி மூன்றரை. இருப்பது இருக்கட்டும் என்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

கூட்டம் நடந்த மண்டபத்து லேப்டாப் வேறு. அதில் மாதப்பனின் ஃபான்ட் இல்லை என்பது, அர்ச்சுனன் பென் டிரைவைச் செருகித் திறந்த பிறகுதான் அவர் மண்டையில் உறைத்தது.

முதல் வரிசையில் பானுமதி. பின்னால் சித்தேரியிலிருந்து பஸ் பிடித்து வந்த முப்பது பேர். "இரண்டு நிமிடம் மௌனம்," என்று அறிவித்தார்கள். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். படத்துக்குப் பக்கத்துத் திரையில் 'jpid' தோன்றியது.

கூடவே படபடவென்று கைதட்டல்.

அர்ச்சுனன் பாய்ந்து ஒரு பட்டனை அமுக்கினார். 'rhik' வந்தது. மறுபடி கைதட்டல். சிவப்புக் குறி. கைதட்டல். தேவிப்பிரியா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். புரொஜக்டர் அணைந்தது, லேப்டாப் மட்டும் விடாமல் கைதட்டிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அர்ச்சுனன் அதன் மூடியை அடித்துச் சாத்தினார்.

பானுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அர்ச்சுனனுக்கு இருபத்தைந்து வருஷச் சர்வீஸ். அதில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. செத்த மனுஷனை ஊர் கூட்டிக் கேலி செய்தது போல ஆகிவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"மன்னிச்சுடுங்க அக்கா... சார் காட்டுனது இது இல்லீங்க..."

பின்வரிசையில் சித்தேரிச் சென்றாயன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, அன்னைக்கும் மலையில இதே கிறுக்கல்தானுங்களே வந்துச்சு! சாரு அரை நாள் முட்டிப் பாத்துட்டு, பொட்டியப் படீர்னு சாத்திப்போட்டு, எங்ககூட ஏரு புடிக்க எறங்கிட்டாரு."